மூன்று இடத்தில் ஒரே எண்

மஞ்சுளா மாலையை ஐஸ் பெட்டிமேல் வைத்துவிட்டு, அதன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்ததும், கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்சவல்லியின் அழுகை நின்றுபோயிற்று.

செத்துக் கிடப்பது தன் புருஷன். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வாலாஜாபாத்தில் இருக்கிற இவளுக்கு அதற்குள் போன் போட்டது யார்? ஷிப்டிலிருந்து யூனிபார்மோடு ஓடிவந்திருந்த மகன் எழிலரசனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோதண்டராமன் பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்தவர். திரும்பி வந்து ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி ஆபிசரானார். லைசென்ஸ் எடுத்து, உலகப்போர்க் காலத்துப் பெல்ஜியம் கைத்துப்பாக்கி இரண்டு வாங்கி வைத்திருந்தார். டீச்சர் மஞ்சுளாவுக்கும் அதே பைத்தியம். அவளுடைய அப்பா விட்டுப்போன துப்பாக்கி ஒன்று அவளிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டியில் சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு வந்துவிடுவாள். லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அசலா, பின்னால் ஒப்பேற்றியதா என்று பொழுது சாயும்வரை பேசுவார்கள்.

தப்புத்தண்டா ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அந்த மனுஷனிடம் அவ்வளவு பேச்சு இருந்ததே, அதுதான் அம்சவல்லிக்கு வயிற்றெரிச்சல். அவளிடம் "மோட்டார் போட்டியா?", "சோறு ஆச்சா?" அதோடு சரி.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு பரசுராமன் வந்தார்.

"லைசென்ஸ்காரர் பூட்டாரு. பத்து பேர் வந்து போற வூடு. ஸ்டேஷன்ல வச்சிடலாம்பா."

எழிலரசன் பீரோவிலிருந்து இரண்டையும் துணியோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தான். தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்ட ஏட்டு, ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாப்பா, இதுல ரெண்டு நம்பர் கீது. எத எழுதறது?"

மஞ்சுளா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் பாத்து சொல்றேன் சார்."

"நீ உக்காரு."

அம்சவல்லி சொல்லிவிட்டாள். எழுந்து வந்து, அவர் உயிரோடு இருந்தவரை தொட்டேயிராத அந்தச் சாமானைக் கையில் எடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

"இதுக்குக் குழல் மட்டும் வேற துப்பாக்கியோடது. பாடில கீற நம்பர எழுதிக்கோங்க. ஜெர்மன்காரன் பெல்ஜியத்தப் புடிச்சப்ப போட்ட கழுகு முத்திரை, பாருங்க, ஓரம் மழுங்கிப்போச்சு. சாணை புடிச்சு மறுபடி கருப்பு ஏத்திகீறானுங்க." அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தாள். "இதான் அசல். மேல, கீழ, குழல், மூணு எடத்துலயும் ஒரே நம்பரு."

எழிலரசன் அம்மாவையே பார்த்தான்.

"சார் சொல்லிக்குடுத்தாராக்கா?" மஞ்சுளா கேட்டாள்.

எத்தனையோ ஞாயிறுகள் மிக்சியை நிறுத்தி நிறுத்தி அடுப்படியிலிருந்து காதுகொடுத்தது அம்சவல்லிக்கு மட்டும்தான் தெரியும்.

"பின்ன? நீ கெளம்பிப் போனதும் மொதல்லேருந்து எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லுவாரு. எடுத்து கையில குடுப்பாரு."

"கையிலயா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு நாளும் குடுத்ததில்லக்கா. 'லைசென்ஸ் எம்பேர்ல, நீ தொடக்கூடாது'ன்னுவாரு. துணியில வச்சிதான் காட்டுவாரு."

மஞ்சுளாவின் முகம் மாறுவதை அம்சவல்லி பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லலாமா என்றுகூட வாய் துறுதுறுத்தது. மஞ்சுளா அதற்கு இடம் கொடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டாள். பிணத்தை எடுக்கும்வரைகூட இருக்கவில்லை. வெளியே ஸ்கூட்டி இரண்டு தடவை முக்கிவிட்டுக் கிளம்பியது.

ஏட்டு நம்பரை எழுதிக்கொண்டு இரண்டையும் துணியோடு எடுத்துப்போனார். பெட்டியிலிருந்து அவரை இறக்கிக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்தார்கள்.

"எம்மா, கையக் கழுவிக்கினு வா. வாய்க்கரிசி போடணும்" என்றான் எழிலரசன்.

விரல்களில் துப்பாக்கி எண்ணெய் கருப்பாகப் பிசுபிசுத்தது. அவள் குழாய்ப் பக்கம் போகவில்லை. அப்படியே முறத்திலிருந்து அரிசியை அள்ளி அவர் உதட்டருகே கொண்டுபோனாள். பாதி விழுந்தது. மீதி விரலோடு ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். அம்சவல்லி உதறவில்லை.