உதட்டை இழுக்கக் கூடாது

கல்பகத்துக்குக் கீழ்வரிசை முன்பற்களில் ஈறு இறங்கிப்போய் வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது. பானைத் தண்ணீர் பட்டால்கூட முகவாய்வரை சுரீர் என்று இழுக்கும். செகந்திராபாத்தில் பல் டாக்டர் லூர்துமேரி பார்த்துவிட்டு, அண்ணத்திலிருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து ஈறில் ஒட்டித் தைத்துவிடலாம் என்றார். எண்பத்து மூன்றாம் வருஷம் அது. ஹைதராபாத்தில் அந்த வைத்தியம் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து கல்பகம் கன்னத்தில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தபோது, டாக்டர் அவளுக்கும் அவள் கணவன் ஜகதீசனுக்கும் சேர்த்துச் சொன்னார்.

"பத்து நாளைக்குச் சூடு, காரம் எதுவும் ஆகாது. தயிர் சாதத்தை நல்லாக் குழைச்சு, ஆற வச்சுக் குடுங்க. அந்த இடத்துல பிரஷ் படக்கூடாது. பேச்சைக் குறைச்சுக்கணும். எல்லாத்தையும்விட முக்கியம், உதட்டை இழுத்துப் பாக்கக் கூடாது. இப்ப அது வெறும் தோல்தான். அடியிலேர்ந்து ரத்தம் ஏறினாத்தான் பிடிக்கும். அசைஞ்சா செத்துப்போயிடும்."

"நான் பாத்துக்கறேன் டாக்டர்," என்றான் ஜகதீசன்.

ஏ.எஸ்.ராவ் நகரில் பாதி வீடுகளைப் போல அவர்கள் வீடும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைச் சம்பளத்தில் நடந்தது. ஜகதீசன் அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தான். அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அலம்பிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பத் தொட்டியில் போடுவான். பதினான்கு வருஷமாகக் கல்பகம் அந்த டம்ளர்களைத் திரும்ப அலம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பாக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் டார்ச்சை எடுத்து வந்தான்.

"எங்கே, காட்டு."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அண்ணத்துப் புண்ணை மூடி ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டியிருந்தது. பேசினால் அது ஆடும்.

"டாக்டர் சொன்னதெல்லாம் நேக்கும் தெரியும். நான் பாக்காம யார் பாப்பா? சித்தே இரு."

கட்டைவிரலை உள்ளே விட்டு, ஆள்காட்டி விரலால் வெளியே பிடித்து, கீழுதட்டைச் சட்டைப் பையைப் புரட்டுவதுபோலப் புரட்டினான். தையல்களை எண்ணினான். எட்டு. அவள் கண்ணில் நீர் வழிந்தது. "வலிக்கறதா? நல்லதுதான். உணர்ச்சி இருக்குன்னு அர்த்தம்," என்று சொல்லி உதட்டை விட்டான்.

அதற்கப்புறம் தினமும் பார்த்தான். மூன்றாம் நாள் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவன் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தான். அரை மணி கழித்து அவளே வெளியே வந்தாள். நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பாலசுப்ரமணியனும் அவன் மனைவி ரமாவும் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார்கள். பாலசுப்ரமணியன் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன்.

"அரே, நக்கோ யார், வேண்டாம்ப்பா, பாவம் விடு," என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜகதீசன் உதட்டைப் புரட்டி டார்ச்சை அடித்தான். "பாத்தியா? மேலேர்ந்து வெட்டிக் கீழே ஒட்டு போட்டிருக்கா."

ரமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு ஓரத்தில் தையல் பிய்ந்து ரத்தம் வந்தது.

ஆறாம் நாள் ஒட்டு வெளுத்து நாற ஆரம்பித்தது. லூர்துமேரி இடுக்கியால் தொட்டதுமே அது ஈரக் காகிதம்போலக் கையோடு வந்துவிட்டது.

"உதட்டை இழுத்தீங்களா?"

கல்பகம் வாய் திறப்பதற்குள் ஜகதீசன் பதில் சொன்னான். "எத்தனை சொன்னாலும் கேக்கறதில்லை டாக்டர். எப்பப் பாரு கண்ணாடி முன்னாடிதான்."

"படிச்சவங்கதானே நீங்க?" என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். "உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை இல்லைன்னா நான் என்ன பண்றது?"

மூன்று மாதம் கழித்து, அண்ணத்தின் மறுபக்கத்திலிருந்து தோல் எடுத்து இரண்டாம் முறை தைத்தார்கள். இந்தத் தடவை கல்பகம் முன்னமே முடிவு செய்திருந்தாள். மாத்திரை வாங்க ஜகதீசன் வெளியே போன சமயம், ஒரு சீட்டை டாக்டரிடம் நீட்டினாள். "பத்து நாள் என்னை இங்கேயே எங்காவது ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர்தான் உதட்டை இழுக்கிறார். போன தடவையும் அவர்தான். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.

லூர்துமேரி இரண்டு முறை படித்தார். அது சின்ன கிளினிக். படுக்கையே கிடையாது. நேராகப் பேசிவிட்டால் தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜகதீசன் உள்ளே வந்ததும் சீட்டை அவன் கையில் கொடுத்தார்.

"இதைப் படிங்க சார். அக்கறை இருக்க வேண்டியதுதான். ஆனா இந்தத் தடவை தயவுசெஞ்சு கை வைக்காதீங்க."

கல்பகம் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள். ஜகதீசன் நிதானமாகப் படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"ஸாரி டாக்டர். இனிமே தொடமாட்டேன்."

சொன்னபடி மூன்று நாள் தொடவில்லை. லீவு போட்டு வீட்டிலேயே இருந்தான். தயிர் சாதத்தைத் தானே பிசைந்து, சூடு ஆறிவிட்டதா என்று விரல் வைத்துப் பார்த்துக் கொடுத்தான். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைக் கலந்து வைத்தான். சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. அவனுடைய காலடிச் சத்தம் கேட்டாலே அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்காம் நாள் சாயங்காலம் பாலசுப்ரமணியனையும் ரமாவையும் காப்பிக்குக் கூப்பிட்டான். டம்ளர்களை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தான்.

"இவள் டாக்டருக்கு லெட்டர் எழுதியிருக்கா. கேளுங்கோ." நியூஸ் வாசிப்பதுபோல வாசித்தான். "'எங்காவது ஒரு மூலையில்.' ஏண்டி, இந்த ஆத்துலே மூலையே இல்லையா நோக்கு?"

பாலசுப்ரமணியன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். ரமா சிரிக்கவில்லை.

"உங்க முன்னாடியே கேக்கறேன். நான் இழுத்தேனாடி? வாயைத் திறந்து சொல்லேன். பேச முடியலையா? சரி, அப்போ பாத்துடலாம், புண்ணு எப்படி இருக்குன்னு."

டார்ச் அலமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தான். "வேண்டாம் சார்," என்றாள் ரமா. அவன் காதில் வாங்கவில்லை. கல்பகத்தின் கைகளை விலக்கிவிட்டு, முதலில் அண்ணத்தைப் பார்க்கவேண்டும் என்று தகட்டை உருவினான். கீழ்ப்பல் வரிசைமேல் கட்டைவிரலை வைத்துத் தாடையை அழுத்தினான்.

அவள் கடித்தாள்.

எந்தப் பல்லால் கடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தையல்கள் ஒவ்வொன்றாக அறுவதும் தெரிந்தது. இன்னும் அழுத்தினாள். ஜகதீசன் முதலில் "ஏய்" என்றான். பிறகு அந்த வீட்டில் ஒருநாளும் கேட்காத சத்தத்தில் அலறினான். மற்ற கையால் அவள் கன்னத்தில் அறைந்தான். அறைய அறையப் பல் இன்னும் உள்ளே இறங்கியது. பாலசுப்ரமணியன் பின்னாலிருந்து அவனைப் பிடித்து இழுத்தபோது எலும்பின்மேல் பல் உரசிய சத்தம் அவள் மண்டைக்குள் கேட்டது. அதன் பிறகுதான் விட்டாள். யாருடைய ரத்தம் என்று தெரியாமல் வாய் நிறைந்திருந்தது. அதை முற்றத்தில் துப்பிவிட்டு வந்து ரமாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜகதீசனுக்கு ஐந்து தையல். நகம் போயிற்று. ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நசுங்கியது என்று ஆபீசில் சொன்னான். பாலசுப்ரமணியனும் அதையே சொன்னான்.

மறுநாள் கல்பகம் தனியாக பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போனாள். ஒட்டு கந்தலாகத் தொங்கியது. நடுவிலிருந்த இரண்டு பற்களும் விரல் பட்டால் ஆடின. அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் லூர்துமேரி வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றார்.

"அந்தச் சீட்டை நான் அவர்கிட்ட குடுத்திருக்கக் கூடாது."

"ஆமாம். கூடாது," என்றாள் கல்பகம்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே இனி எடுக்கத் தோல் இல்லை, இரண்டையும் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிவிடலாம் என்றார்.

பிடுங்கிக்கொண்டாள். கட்டிக்கொள்ளவில்லை.

டிசம்பரில் பாக்டரி ஆண்டு விழா வந்தது. "பல்லைக் கட்டிண்டு வா, இல்லேன்னா ஆத்துலேயே இரு," என்றான் ஜகதீசன். எட்டி நின்றுதான் சொன்னான். இப்போதெல்லாம் அவளிடம் எதையும் எட்டி நின்றுதான் சொல்வான். அவள் மாம்பழக்கலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் கிளம்பினாள். சாப்பாட்டுப் பந்தலில், மேலதிகாரி ஸ்ரீனிவாசனின் மனைவி அவளைப் பார்த்துப் பதறினாள்.

"அடடா, என்ன மாமி இது? விழுந்துட்டேளா?"

ஜகதீசன் கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்தான்.

"இல்லை. கடிச்சேன், போயிடுத்து," என்றாள் கல்பகம்.

"ஐயோ! அப்படி எதைக் கடிச்சேள்?"

கல்பகம் கணவன் பக்கம் திரும்பி, வாய்கொள்ளச் சிரித்தாள். "ஏன்னா, சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அவன் நகமில்லாத கட்டைவிரலைக் கிண்ணத்துக்கு அடியில் மறைத்துக்கொண்டான். ஸ்ரீனிவாசனின் மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் நகர்ந்துபோனாள்.