மெழுகில் முக்கிய பூ

எண்பத்தெட்டாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குச் சேலையூர் வீட்டில் சாப்பாட்டு மேஜையை அலங்கரிக்க, பேபி கிரேப் பேப்பரில் ஐந்து ரோஜாக்கள் செய்தாள். தனக்கும் புருஷனுக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாகத் தட்டுக்கு ஒன்று. காம்பில் சிவப்பு நூல் சுற்றி, கைப்பழக்கத்தில் எல்லாவற்றையும் உருக்கிய மெழுகில் முக்கிவிட்டாள்.

புருஷன் சின்னப்பன் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். "இன்னா பேபி, கல்லறைத் திருநாளுக்குச் செய்ற பூ மாதிரியே கீது? மழையில ஊறாம இருக்கத்தான் மெழுகு. சோறு துன்ற மேஜைக்கு எதுக்கு?"

"பூ பூதான். தொணதொணக்காம போய்ப் பசங்களைக் கூட்டிகினு வாங்க."

பிரியாணிச் சட்டியோடு அவள் சமையலறையிலிருந்து திரும்பியபோது, சுவரோரம் கிடந்த ஆறாவது நாற்காலி மேஜையருகே இழுத்துப் போடப்பட்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. நாற்காலிக்கு முன்னால் இன்னொரு ரோஜா. காம்பில் நீல நூல்.

போன மாதம் கல்லறைத் திருநாளுக்குப் பூக்கள் செய்தபோது சிவப்பு நூல் தீர்ந்துபோய், செத்துப்போன நாத்தனார் அம்மணிக்கென்று நீல நூலில் கட்டிய பூ. பேபிதான் அதைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தாள். மெழுகில் ஈரமண் ஒட்டியிருந்தது.

பேபி சட்டியை மேஜையில் வைத்தாள். ஆறாவது தட்டை எடுத்து வந்து வைத்து, முதல் கரண்டியை அதில் பரிமாறினாள். உயிரோடு இருந்தபோதே அம்மணியைச் சாப்பாட்டுக்குக் காக்க வைத்தால் வீடு தாங்காது.