எந்தக் கோயிலடி?

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த அந்த மாசி மாதத்தில், கொழும்பு வெள்ளவத்தைப் பெரிய மனிதர்களுக்கு இரக்கம் பொங்கி வழிந்தது. கப்பலேறித் தப்பி வந்த இளம் பெண்களுக்கு வேலை கொடுக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு தையல் மெஷின்கள் வந்து இறங்கின. தலைவருக்கு மாலை விழுந்தது. வேலை மட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதெல்லாம் ஒரு குறையா?

ஜெகதீஸ்வரி மலாயாவிலிருந்து தாயுடன் வந்தவள். தகப்பன் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். பங்குனி முடிவதற்குள் தாயும் மகளும் தங்கியிருந்த மடத்தை விட்டு வெளியேற வேண்டும். வேலை கிடைத்தால்தான் ஓர் அறை. தையலில் அவள் கெட்டிக்காரி. சங்கச் செயலாளர் சண்முகலிங்கம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பிள்ளை எந்த ஊர்?"

"தைப்பிங், ஐயா."

"அது இருந்த இடம். நான் ஊரைக் கேக்கிறன்."

"அப்பான்ர ஊர் மானிப்பாய்."

"மானிப்பாயில எந்தக் கோயிலடி?"

எந்தக் கோயிலைச் சுற்றிக் குடியிருப்பு என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். அவளோ யாழ்ப்பாணத்து மானிப்பாயைக் கண்ணாலும் கண்டதில்லை.

"அப்ப ஊருக்கு எழுதி விசாரிப்பம். நல்ல குடும்பத்துப் பிள்ளையள் பக்கத்தில இருந்து தைக்கிற இடமெல்லோ."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். வாங்குப் பலகையில் அடுத்து இருந்தவள் பழனியம்மா, ரங்கூனிலிருந்து வந்தவள். பாட்டன் காலத்திலேயே கடல் தாண்டிய குடும்பம். செயலாளர் அவள் பெயரைக்கூடப் பதியவில்லை. "இவையளைப் பற்றி ஆருக்கு எழுதுறது?" என்றார், மெத்தக் கவலையோடு.

மூன்று வாரம் இருவரும் அந்த வாங்கைத் தேய்த்தார்கள். மெஷின்கள் துணி போர்த்திக்கொண்டு சுகமாய் உறங்கின. ஒருநாள் ஜெகதீஸ்வரி பழனியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருதானைக்குப் போனாள். அங்கே ஜாபிரின் தையல்கடையில் பட்டாளச் சட்டைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

ஜாபிர் ஆளுக்கொரு துணித்துண்டைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார். இழுத்துப் பார்த்தார், தையல் விடவில்லை.

"நாளைக்கி வாங்க மகள், ரெண்டு பேரும். பொத்தான் கோணினா பட்டாளத்தான் திருப்பி அனுப்புவான், பார்த்துக்கங்க."

விசாரணை அவ்வளவுதான். முற்பணமும் கொடுத்தார். பங்குனி முடியுமுன் கொட்டாஞ்சேனையில் சிறிய அறையொன்று அமைந்தது. தாய் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

சித்திரை பிறக்குமுன் சண்முகலிங்கம் மடத்தில் விசாரித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தார்.

"பிள்ளை, கடிதம் வந்திட்டுது! நல்ல இடத்து ஆக்கள்தானாம். திங்கக்கிழமை வேலைக்கு வாரும்."

"இவவுக்கும் வேலை இருக்கோ, ஐயா?" ஜெகதீஸ்வரி பழனியம்மாவைக் காட்டினாள்.

"அது… பிறகு பாப்பம்."

"அப்ப நானும் வரேல்லை. உங்கட மெஷினுக்கு இன்னும் நல்ல குடும்பமாப் பாத்துப் பிடியுங்கோ."

சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். சண்முகலிங்கம் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வைகாசியில் சங்கத்தின் அறிக்கை அச்சாகி, கடைக்கும் ஒரு பிரதி வந்தது. சங்கத்தின் அயராத முயற்சியால் மலாயா அகதிப் பெண் ஒருவர் மருதானையில் வேலை பெற்றாராம். ஜெகதீஸ்வரி அதை இரண்டுதரம் வாசித்தாள். பக்கத்து மெஷினில் பட்டாளச் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்த பழனியம்மா, "என்னைப் பத்தி என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள்.