ஜன்னலை மூடிய கொடி

கதவில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டதும் நாஹிதா முற்றத்துக்கு ஓடி வந்தாள்.

"உம்மு கினான்! உசுரோட இருக்கியா? கதவத் தொற. கத்தரிய சாணை பிடிச்சுக் கொண்டாந்திருக்கேன்."

பக்கத்து வீட்டு உம்மு ஃபாயிஸ். 'உம்மு' என்றால் அம்மா; தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் டமாஸ்கஸில் தாயைக் கூப்பிடுவார்கள். பதினான்கு மாதமாக, கினான் என்ற பெயர் காதில் விழும்போதெல்லாம், மாடியை நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாதே என்று நாஹிதா கழுத்தை இறுக்கிக்கொள்வாள். பையன் ஜெர்மனிக்குப் போய்விட்டான் என்று தெருவே நம்பியிருந்தது. அவனோ படைக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் பெயர் வந்த நாளிலிருந்து மாடியில், பழஞ்சாமான் அறையில், பாயோடு பாயாகக் கிடந்தான்.

அந்த அறையின் ஒரே ஜன்னல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே தொடங்கும், அதற்குக் கதவும் கிடையாது. எண்ணெய் கிடைக்காத குளிர்காலத்தில் அந்தப் பலகைகளைத்தான் அடுப்பில் போட்டு எரித்தார்கள். திரை கட்டலாம். ஆளில்லாத அறைக்குத் திடீரென்று எதற்குத் திரை என்று எவனாவது கேட்டால்? எதிர்வீட்டு மொட்டைமாடியில் மணல்மூட்டை அடுக்கிப் படைவீரர்களைக் காவல் போட்டிருந்தார்கள். கொடி இல்லாவிட்டால் அங்கிருந்து அறையின் தரைவரை தெரியும். அறையின் வாசலோ முற்றத்துப் படிக்கட்டில் திறக்கிறது, அதுவும் அவர்கள் கண்ணுக்கு நேரே. ஆக, பிள்ளைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் இருந்தது முற்றத்து மல்லிகைக்கொடி ஒன்றுதான். இரண்டு வருஷமாகக் கத்தரி படாத கொடி, இலை பாதி உதிர்ந்தும், சிக்குப் பிடித்த தலைமுடிபோல ஜன்னலை மூடிக் கிடந்தது.

"போன வருஷம் ஒன் புருஷன் துக்கம்னு சொன்ன, விட்டுட்டேன்." உம்மு ஃபாயிஸ் உள்ளே வந்து ஏணியைத் தானே தேடி எடுத்தாள். "காத்துல ஒரு கங்கு விழுந்தாச்சு, தண்ணியில ஒண்ணு விழுந்தாச்சு. மூணாவது கங்கு மண்ணுல விழுறதுக்குள்ள வெட்டலன்னா இந்த வருஷமும் பூ கிடையாது. ஒன் கொடி, ஆனா பூக்கிறது என் பக்கத்துச் சுவத்துல. எனக்குக் கேக்க உரிமை இருக்கு." குளிர்கால முடிவில் வானத்திலிருந்து மூன்று கங்கு விழுந்து காற்றையும் நீரையும் மண்ணையும் சூடேற்றும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"அக்கா, இன்னிக்கு எனக்கு முடியல. தலவலி."

"தலவலி ஒனக்கா, கொடிக்கா? நீ உக்காரு. நான் வெட்டுறேன்."

இதற்கு மேல் தடுத்தால் அதுவே சாட்சியாகிவிடும். நாஹிதா தொண்டையைத் திறந்து, முற்றமே அதிர, "ஏணிய நல்லாப் பிடிச்சு ஏறுங்க, உம்மு ஃபாயிஸ்!" என்றாள். மகனுக்கு அதுதான் அடையாளம். இந்நேரம் அவன் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிப் படுத்திருப்பான்.

"ஏன்டி கத்துற, எனக்கென்ன காது செவிடா?"

கத்தரி கீழிருந்து மேலே போனது. வலது ஓரம், இடது ஓரம். பழங்குச்சிகள் கட்டுக்கட்டாக நாஹிதாவின் காலடியில் விழுந்தன. உம்மு ஃபாயிஸின் வாய் மட்டும் ஓயவில்லை. "ஒன் மவன் அங்க ஏதோ மஞ்சத்தலைக்காரியப் பிடிச்சிருப்பான். பேரப்பிள்ள வந்து ஒன்னப் பாட்டின்னுகூடக் கூப்பிடத் தெரியாம நிக்கும், பாரு." நாஹிதா சிரித்தாள். சிரிப்பு தன் வாயிலிருந்து வந்ததுபோலவே அவளுக்கு இல்லை.

பேச்சு நின்றது. கத்தரியும் நின்றது.

ஏணியின் உச்சியில் உம்மு ஃபாயிஸ் கொடியை விலக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அப்போதுதான் நாஹிதாவுக்கு நினைவு வந்தது. காலையில் அவனுக்குக் கொடுத்த தேநீர்க் குவளை. ஜன்னல் விளிம்பில்தான் வைப்பான். உம்மு ஃபாயிஸ் வருவதற்குச் சற்று முன்புதான் கொடுத்தது, இன்னும் ஆவி பறக்கும்.

நாஹிதா ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நேரம் போயிற்றோ. பிறகு கத்தரி மறுபடி அசைந்தது. ஜன்னலைச் சுற்றிச் சுற்றி வெட்டிவிட்டு, உம்மு ஃபாயிஸ் இறங்கினாள்.

"அந்த எடத்துல குளவி கூடு கட்டியிருக்கு. கை வைக்கல."

இந்தக் குளிரில் குளவி ஏது? இரண்டு பேருக்கும் தெரியும். உம்மு ஃபாயிஸ் தலைத்துணியின் நுனியால் கத்தரியைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"என் ஃபாயிஸ் படைக்குப் போயி அஞ்சு வருஷம் ஆச்சு. அவனுக்கு என் கையால ஒரு குவளை டீ குடுத்து அஞ்சு வருஷம்."

கத்தரியை ஏணிப்படியில் மாட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டாள். அந்தச் சொல்லில் இருந்தது இரக்கமா, வயிற்றெரிச்சலா என்று நாஹிதாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நிமிர்ந்தாள். சுவர் முழுக்க மொட்டையாக வெளுத்துக் கிடக்க, நட்டநடுவில் ஜன்னல் அளவுக்கு ஒரே ஒரு கொத்து, கண்ணில் கட்டிய துணிபோல.

"பெரியம்மா!" எதிர்மாடியிலிருந்து குரல். அடர்ந்த மீசைக்காரக் காவலன், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, நல்ல மனுஷன்போலச் சிரித்தான். "பாதித் தலைய சிரைச்சுட்டு விட்ட மாதிரி இருக்கே. மிச்சத்த நான் வந்து வெட்டட்டுமா?"

"வேணாம்ப்பா, நீ இரு! நானே வெட்டிர்றேன்."

"நீங்க விழுந்து தொலையாதீங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் ஏறினாள். ஏணிப்படியில் மாட்டியிருந்த கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டாள். கொடிக்குப் பின்னால், விளிம்புக்குக் கீழே, மகனின் நரைக்கத் தொடங்கிய தலை தெரிந்தது. இருபத்தாறு வயசு.

"பாயச் சுருட்டு. மூலைக்குப் போ," என்றாள் உதடு அசையாமல்.

"அங்கேருந்து மூலையும் தெரியும்மா," என்றான் அவன் தரையைப் பார்த்தபடி.

ஒரு குச்சி. இன்னொன்று. வெயில் அறைக்குள் நுழைந்து அவன் வெளிறிய பாதத்தின்மேல் ஏறியது. அவள் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறி, பர்தாவின் இரு பக்கத்தையும் முழங்கையால் அகட்டி, ஜன்னலை உடம்பால் அடைத்துக்கொண்டாள். கடைசிக் கொடியும் அறுந்து கீழே போனது.

"முடிஞ்சுதா பெரியம்மா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா," என்றாள் நாஹிதா. கத்தரி திறந்து திறந்து மூடியது, வெறும் காற்றை வெட்டிக்கொண்டு.