லோகேஸ்வரனின் அலகும் டங்கனின் கன்னமும்

லோகேஸ்வரன் காலை இடித்துக்கொண்டால் வலி டங்கனுக்குப் போகும். உலு திராம் ஊரைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டை ஒட்டியிருந்த கூட்டு ராணுவ முகாமில் இது யாருக்கும் அதிசயமில்லை. நம் நாடும் கடல் கடந்த டங்கனின் நாடும், ஒருவர் மேல் விழும் அடி மற்றவர் மேல் விழுந்த அடி என்று அந்தக் காலத்திலேயே ஒப்பந்தம் போட்டிருந்தன. அதன்படி, வாசல் காவலுக்கு நாட்டுக்கு ஒருவனாக நிற்கும் ஜோடியில் காயம் ஒருவனுக்கு, வலி மற்றவனுக்கு. முன்பிருந்த காவலர்கள் இதனாலேயே ஒருவரையொருவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்களாம். இந்த இருவருக்கோ ஆகவே ஆகாது. ஊரான் சண்டைக்கு நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்று டங்கனின் ஊரில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதை அவன் லோகேஸ்வரனின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, கொதிக்கும் கோப்பியை ஒரே மடக்கில் குடிப்பான். இவன் நாக்கு எரியும். இவன் மட்டும் சும்மா விடுவானா? சுவரில் ஓங்கிக் குத்திக்கொள்வான்.

மகள் ஷர்மினிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, மூன்று தைப்பூசம் அலகு குத்திக் காவடி எடுப்பதாக லோகேஸ்வரன் வேண்டிக்கொண்டான். முதல் இரண்டு முறையும் கன்னத்தில் வேல் பாய்ந்தும் வலிக்கவே இல்லை. ஒப்பந்தம் முகாம் வேலியோடு சரி என்று நம்பியிருந்தவன், எல்லாம் முருகன் அருள் என்று ஊரெல்லாம் பெருமையடித்தான். அந்த இரண்டு நாளும் டங்கன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஷர்மினிக்கு மறுபடியும் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

"அவன் வலியில நீங்க வேண்டுதல் செலுத்துனா முருகன் ஏத்துக்குவாரா?" என்று கேட்டாள் மனைவி பிரேமலா.

"நான் என்ன செய்ய லா? கையெழுத்துப் போட்டது கவர்மெண்டு."

"அப்போ எம்புள்ளைக்கு கவர்மெண்டா வந்து பதில் சொல்லும்?"

வேலையை விட்டாலும் ஜோடி விடாது என்பது விதி. இந்தக் கூட்டணி நாசமாகப் போகட்டும் என்று, சிப்பாய் நினைக்கக் கூடாததை நினைத்துக்கொண்டே அவன் மூன்றாம் வருட விரதம் இருந்தான்.

அந்தத் தைப்பூசத்தன்றுதான் முகாமில் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் விழா. பெரிய மனிதர்கள் கைகுலுக்கினார்கள், கேக் வெட்டினார்கள், நட்பு மலைபோல் நிற்கிறது என்று பேசினார்கள். அதே நேரத்தில் கோயிலில் வேல் கன்னத்தைத் துளைக்க, லோகேஸ்வரன் அலறினான். குத்தியவர் பயந்து கையை இழுத்துக்கொண்டார். இவனோ மிச்சத்தையும் குத்தச் சொல்லிச் சைகை காட்டினான். கண்ணீர் வழிய பிரேமலாவைப் பார்த்துத் தலையாட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது, அவளும் அழுதாள்.

மறுநாள் அவன் வீங்கிய கன்னத்தோடு காவலுக்குப் போனான். டங்கன் அந்தக் கன்னத்தையே வெகுநேரம் பார்த்தான். பிறகு இந்த முறை வலியே வராத தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு வாசலின் மறுபக்கம் போய் நின்றான். இதை இருவருமே மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை. எதிரி வந்தால் இனி யாருக்கு யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஷர்மினி இப்போது பள்ளிக்கூடத்து மாடிப்படியை ஓடியே ஏறுகிறாள்.