பந்தய நாளில் புதிதாக எதுவும் கூடாது

மாட்டை அறுத்ததும் அதன் பின்னங்காலில், குதிகாலுக்கு மேலே இருக்கிற தடித்த நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே கொக்கியை மாட்டித்தான் தூக்குவோம். மொத்த மாட்டின் பாரத்தையும் அந்த நரம்பு தாங்கும். கல்யாணமான வருடத்திலிருந்து சந்தையில் கறிக்கடை வைத்திருக்கிறேன், அது தானாக அறுந்து ஒருநாளும் பார்த்ததில்லை. கத்தி வைத்தால் மட்டும் ஒரே இழுப்பில் போய்விடும்.

என் பெயர் எர்மெலிந்தா. என் மகன் வில்மர், டான் ஆபெல் ஓச்சாய்த்தாவின் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் ஊரில் பாதி பஸ் டான் ஆபெலுக்குச் சொந்தம், போலீஸ் முழுசும் சொந்தம். ஒரு மத்தியானம், வேறு கம்பெனி டிரைவரோடு சிரித்துப் பேசினான் என்பதற்காக, பஸ் ஷெட்டில் இரண்டு பேர் என் மகன் கைகளைப் பிடித்துக்கொள்ள, டான் ஆபெலே டயர் கழற்றும் இரும்புக் கம்பியால் அடித்தான். முதலில் தாடை போனது, பிறகு விலா, கடைசியில் மண்டை. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பஸ் கூரையிலிருந்து விழுந்து செத்தான் என்று போலீஸ்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிணத்தைக் கழுவியவள் நான். தினமும் எலும்பு உடைக்கிறவளிடம் போய் விழுந்தான் என்று சொல்கிறார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அவன் காதுக்குள் என் மகன் பெயரைச் சொல்ல வேண்டும். அவனுக்கு அது தெரிகிறது என்பதை அந்த மூஞ்சியில் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு கழுத்தை அறுக்க வேண்டும். ஆனால் கிட்டே நெருங்க முடிந்தால்தானே? வீட்டிலிருந்து ஷெட், ஷெட்டிலிருந்து கோயில், எங்கே போனாலும் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிளில் துப்பாக்கி வைத்த தடியன்கள்.

வழி காட்டியவள் மிரேயா, அதுவும் தெரியாமல். என் கடைக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவள், என்னைவிடச் சின்னவள். கோயில் திருவிழாவில் நடக்கிற பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் வருடம் தவறாமல் ஓடி, வருடம் தவறாமல் கடைசி ஆளாக வருவாள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஜென்மம்.

"டான் ஆபெலும் வருஷா வருஷம் ஓடறானேக்கா. அடியாளுங்க வண்டியிலயே கூட வருவானுங்க. பழைய ரயில் பாலத்துல மட்டும் வண்டிய விடமாட்டாங்க, பலகையெல்லாம் உளுத்துப் போச்சு. அவனுங்க ஹைவே சுத்தி அந்தப் பக்கம் போய் நிப்பானுங்க. அந்தப் பாலத்துலதான் அவன் மூஞ்சிய நிம்மதியா பாக்கலாம், மனுஷன் மாதிரி மூச்சு வாங்கிட்டுப் போவான்."

"வேடிக்கை பாக்கறவங்க பாலத்துல நிக்கலாமா?"

"அதெப்படி? நெஞ்சுல நம்பர் குத்தினவங்க மட்டுந்தான்."

அந்தப் பாலம் ஏழாவது கிலோமீட்டரில் இருக்கிறது. கறிக்கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தாலே எனக்கு இளைக்கும். மறுநாள் போய் மிரேயாவிடம், நானும் ஓட வேண்டும் என்றேன்.

"நீயா? மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடினப்பகூட நீ நடந்துதானேக்கா போய்ப் புடிச்ச."

"இப்ப ஓடணும்டி."

"எதுக்கு?"

"உடம்பு குறையணும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மறுநாள் விடியற்காலை வரச் சொன்னாள்.

முதல் நாள் கல்லறைச் சுவரிலிருந்து சர்க்கரை ஆலை வாசல் வரை ஓடியதற்கே நாக்குத் தள்ளிவிட்டது. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். "புதுசா ஓடறவ எல்லாரும் பண்ற தப்பு இதுதான், எடுத்ததும் பறக்கறது," என்றாள். "கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட. பேசிக்கிட்டே ஓடற மாதிரி ஓடு."

"என்னத்தடி பேசறது?"

"யாரையாச்சும் திட்டு."

திட்ட எனக்கு ஆளா இல்லை? என் வாய், செத்துப்போன புருஷனைத் திட்டியது; மனசு டான் ஆபெலை அவன் பிறந்த வேளையிலிருந்து ஆரம்பித்துத் திட்டியது. திட்டத் திட்ட மூச்சு சீரானது. கால் விரல் நகங்கள் கறுத்துப்போய் ஒவ்வொன்றாக விழுந்தன. தொடை இரண்டும் உரசிப் புண்ணாகி ரத்தம் கசிந்தது. கடையிலிருந்த பன்றிக் கொழுப்பை எடுத்து அப்பிக்கொண்டு ஓடினேன். ஊரில் உள்ள நாயெல்லாம் நக்கிக்கொண்டே பின்னால் வந்தன. ஒன்று கெண்டைக்காலைக் கவ்வ வந்தபோது கல்லால் அதன் மண்டையைப் பிளந்தேன். மிரேயா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆலை ரோட்டில் ஒருநாள் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். டான் ஆபெலின் அடியாள் சாந்தோஸ். என் மகனின் வலது கையைப் பிடித்திருந்தவன் அவன்தான்.

"என்ன கறிக்கடைக்காரம்மா, கடையில தொங்க விட்டது போதாதுன்னு ரோட்டுலயும் கறிய ஆட்டிக்கிட்டுப் போற?"

நான் திரும்பவில்லை. பூட்ஸ் காலால் இடுப்பில் உதைத்தான். சாக்கடைக்குள் முகம் குப்புற விழுந்தேன், கல்லில் மோதி முன்பல் உடைந்தது.

"திருவிழாவுக்கா ஓடற? எங்க முதலாளி வர்றப்ப குறுக்க நிக்காத."

"அவரு எங்க, நான் எங்க தம்பி," என்றேன், வாயெல்லாம் ரத்தத்தோடு. அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பல்லைத் துப்பிவிட்டு ஏறி வந்து மீதித் தூரத்தையும் ஓடி முடித்தேன். அந்த நாயைத் தம்பி என்று கூப்பிட்டதுதான் பல்லைவிட அதிகமாக வலித்தது.

திருவிழா நெருங்கும்போது நான் ஆலையைத் தாண்டி, கரும்புக் காட்டைச் சுற்றி, பேசிக்கொண்டே ஓடி வருகிறவளாகிவிட்டேன். டான் ஆபெல் காலையில் பயிற்சி எடுக்கிறபோது கரும்புக்குள்ளிருந்து பார்த்து வைத்திருந்தேன். அவன் வேகம் என் வேகம்தான்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் மிரேயா. "பந்தய நாள்ல புதுசா எதுவும் கூடாது. ஷூ, சட்டை, சாக்ஸ், தின்ற பீன்ஸுகூட பழகினதா இருக்கணும். புதுசு எதுவா இருந்தாலும் ஆறாவது கிலோமீட்டர்ல வேலையக் காட்டிடும். கேட்டுச்சா?"

கேட்டது. ஆனால் எலும்பிலிருந்து கறி பிரிக்கிற சின்னக் கத்தியை அவள் கண்ணெதிரே கட்டிக்கொண்டு ஓடிப் பழக முடியுமா? பந்தயத்தன்று காலையில்தான் துணியில் சுற்றித் தொடையின் உள்பக்கம் வைத்து பிளாஸ்டர் ஒட்டினேன்.

டான் ஆபெல் வெள்ளைச் சட்டை போட்டு, நெஞ்சில் ஒன்றாம் நம்பர் குத்தி, பாதிரியாருக்குக் கை கொடுத்துவிட்டு வந்து நின்றான். வெடி வெடித்தது. ஊரே பறந்தது. நான் பறக்கவில்லை. அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே ஓடினேன். எங்கே வெட்ட வேண்டும் என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். மிரேயா எப்போதோ பின்தங்கிவிட்டாள்.

அவள் சொன்னது சொன்னபடி நடந்தது. ஆறாவது கிலோமீட்டரில் வியர்வையில் துணி நனைந்து விலக, கத்தி முனை வெளியே வந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கீறல். ரத்தம் இறங்கி ஷூவுக்குள் சளக் சளக் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன், மீதி இருந்த பல்லை. பாலம் கண்ணில் பட்டது. மோட்டார் சைக்கிள்கள் ஹைவே பக்கம் திரும்பிப் போயின.

பாலத்துப் பலகையில் அவனைக் கையால் எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டேன். அப்போது என் ரத்தமே என்னை வழுக்கிவிட்டது. தடாலென்று விழுந்தேன்.

சத்தம் கேட்டு அவன் நின்றான். திரும்பி வந்து கையை நீட்டினான். பாவி, அப்படி நீட்டாமல் இருந்திருக்கலாம்.

"எழுந்திரும்மா. முதல் பந்தயமா?"

"ஆமா."

"ரத்தம் ஊத்துதே. புதுசா எதையாவது மாட்டிட்டு வந்தியா?"

நான் அவன் கையைப் பிடித்தேன். கம்பியைப் பிடித்த கை. "நான் வில்மரோட அம்மா," என்றேன்.

அவன் யோசித்தான். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கித் தேடிப் பார்த்துவிட்டு, "எந்த வில்மர்?" என்று கேட்டான்.

எத்தனை மாதமாக இந்த மூஞ்சியைத் தேடி ஓடி வந்தேன், அதில் என் பிள்ளை இல்லவே இல்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "பின்னால வர்றவங்க தூக்கி விடுவாங்கம்மா," என்று கையை உருவிக்கொண்டு திரும்பினான்.

கழுத்து தூரப் போய்விட்டது. என் கண்ணுக்கு நேரே இருந்தது அவன் குதிகால்.

கத்தியை உருவி ஒரே இழுப்பு. கடையில் கேட்கிற அதே சத்தம். ஒரு எட்டு வைக்கப் பார்த்தான், பாதம் அவனோடு வரவில்லை. குப்புற விழுந்து அலறினான். திரும்பி என் மூக்கில் உதைத்தான். உதைத்த காலைப் பிடித்து மடியில் போட்டு அதையும் அறுத்தேன். அவனைக் குப்புறப் புரட்டி முதுகின்மேல் ஏறி உட்கார்ந்து, முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கி, காதுக்குள் சொன்னேன்: "வில்மர் ஒபேத் பார்ரியெந்தோஸ் சிகால். சொல்லு."

"பணம் தர்றேம்மா."

"பேரச் சொல்லு."

"வில்… வில்மர்… மறந்து போச்சும்மா, திருப்பிச் சொல்லு, சொல்லிடறேன்."

கழுத்து என் கைக்குக் கீழேதான் இருந்தது. துடித்த நரம்பு விரலில் பட்டது. செத்தவன் வாயிலிருந்து பெயர் வராதே. அதனால்தான் அறுக்கவில்லை, இரக்கத்தால் அல்ல. பின்னால் வந்தவர்கள் என்னை இழுத்துப் போட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சாந்தோஸ் காத்திருந்தான். என் இரண்டு கையையும் உடைத்த பிறகுதான் போலீஸ் வந்தது.

வழக்கு நாளில் டான் ஆபெல் இரண்டு கட்டைகளை ஊன்றி வந்தான். பாதம் இரண்டும் தரையில் இழுபட்டன. எனக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒரு தூங்குமூஞ்சி. ஒரே ஒரு கேள்வியைக் கேள், அது போதும் என்று அவனிடம் கெஞ்சி வைத்திருந்தேன். எழுந்து கேட்டான்: "இந்தம்மாவோட மகன் பேர் என்ன?"

டான் ஆபெலின் வக்கீல் துள்ளினான். நீதிபதி பதில் சொல்லச் சொன்னார்.

டான் ஆபெல் தரையைப் பார்த்தான், தன் கால்களைப் பார்த்தான். பிறகு சொன்னான். வில்மர் ஒபேத் பார்ரியெந்தோஸ் சிகால். முழுப் பெயர், கடைசியில் வருகிற என் பிறந்த வீட்டுப் பெயர் வரைக்கும், ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.

தட்டச்சு செய்கிறவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொல்லும்படி நீதிபதி சொன்னார். சொன்னான்.