எதிர்வீட்டுக் கதவில் தொங்கிய பை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பிறந்தது என் வாசற்கதவின் சிறு துளையில். வருகிறவர் யாரென்று பார்க்கக் கட்டடம் கட்டியவர் வைத்தது. போகிறவர்களையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘அதிகாலைப் பனியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அமைதியாக உறங்கிக்கொண்—’

வேண்டாம். நாங்கள் எப்போது அமைதியாக இருந்தோம்?

2

எதிர்வீட்டுக்காரியைச் சேர்மன் அக்கா என்போம். (அவள் காதில் விழாமல்தான்.) யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தானாகவே ஆகிவிட்டாள். நல்ல மனசு, அதைவிட நல்ல தொண்டை.

பள்ளிக்கு நீண்ட விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் மத்தியானச் சாப்பாடும் நின்றுபோகும். சில வீடுகள் தடுமாறும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவள்தான்: தேவைப்படுகிறவர்கள் காலையில் கதவுப்பிடியில் வெறும்பை ஒன்றை மாட்டிவைக்கவேண்டும். நாங்கள் அரிசி, எண்ணெய், பால்மாவு போட்டுவிட்டுப் போய்விடுவோம். கதவைத் தட்டக்கூடாது. ஏன் என்று கேட்கக்கூடாது.

அதோடு விட்டாளா?

“மாசச் சம்பளக்காரன் வீட்ல பை தொங்கினா அது பசியில்ல, பேராசை. அதுல நான் கல்லைத்தான் போடுவேன்!”

எல்லோரும் சிரித்தோம். எங்களில் ஒருத்தியான மருந்துக்கடைக்காரி மட்டும், “மெதுவா பேசுங்கக்கா, மாடி வரைக்கும் கேக்குது” என்றாள்.

(இந்தப் பேச்சை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். வெட்டினால் அக்கா தெய்வமாகிவிடுவாள். தெய்வத்தை வைத்துக் கதை எழுத எனக்கு வராது.)

3

ஒரு காலை, அவள் கதவிலேயே பை.

துளையிலிருந்து கண்ணை எடுத்து, துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தேன். பைதான்.

எங்களோடு பைகளை நிரப்பக் கிளம்புவதற்காகக் கதவைத் திறந்தவள், “எந்தக் குரங்கு பண்ணின வேலை இது!” என்று பிடுங்கினாள்.

“எடுக்காதே.” உள்ளேயிருந்து அவள் கணவர். “நான்தான் மாட்டினேன்.”

“என்னங்க விளையாட்டு இது, காலங்காத்தால?”

“கம்பெனிய மூடி ரொம்ப நாளாச்சு. தினமும் டிபன் டப்பாவத் தூக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருக்கேன். கையில இருந்தத வெச்சு ஓட்டினேன். இனி ஒண்ணும் இல்ல.”*

அவள் பையோடு அவர் பக்கம் திரும்பினாள். மாடி வரைக்கும் கேட்கும் அந்தக் குரல் என் கதவுக்கே மெல்லத்தான் எட்டியது.

“எங்கிட்ட... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்றதவிடப் பைய மாட்டுறது சுலபமா இருந்துச்சு.”

* இஸ்திரி மடிப்பு கலையாமல் அவர் படியிறங்குவதைத் தினமும் பார்த்தவள் நான். எனக்கே தெரியாமல் ஒரு விஷயமா! இப்படியொரு பாத்திரத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் ‘நம்பும்படி இல்லை’ என்று சொல்லியிருப்பேன்.

4

முடிவு ஒன்று: பையைச் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டு, வழக்கம்போல் எங்களுக்கு முன்னால் நடக்கிறாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார்.

முடிவு இரண்டு: பையை மறுபடி மாட்டிவிட்டு, அவள்...

அதற்குமேல் வாக்கியம் நகர மறுக்கிறது. மாட்டிவிட்டு எங்கே போவாள்? யார் முகத்தில் விழிப்பாள்?

எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஏன் என்று யோசித்தால் கூசுகிறது: அவள் மாட்டினால்தான் எனக்கு ஒரு வருஷத்துக்குப் பேச விஷயம். இந்த ஆசையை வைத்துக்கொண்டு நான் முடிவு எழுதுவது நியாயமில்லை. நிஜத்தில் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

நீங்களே முடித்துவையுங்கள். பை அவள் கையில். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அரிசி மூட்டையோடு ஏறுகிறவர்கள் கீழ்மாடியில் மூச்சு வாங்குகிறார்கள்; “அக்கா, கிளம்பியாச்சா?” என்று மருந்துக்கடைக்காரி குரல் கொடுக்கிறாள்.

அவள் என்ன பதில் சொல்லட்டும்?